ஹெல்ஃபயரா, விக்ரா? எத்தனை வினாடி தலை காட்ட வேண்டும் என்று பாருங்கள்

கேள்வி: டிசிஎஸ் வேர்ல்ட் என்கிற விமான விளையாட்டில் அப்பாச்சி, கேஏ-50 ஹெலிகாப்டர்கள் இரண்டையும் வைத்திருக்கிறேன். டாங்கை அடிக்க அப்பாச்சிக்கு ஹெல்ஃபயர் ஏவுகணை, கேஏ-50-க்கு விக்ர். அட்டவணையைப் பார்த்தால் விக்ர்தான் வேகம், தூரமும் குறைவில்லை. ஆனால் ஆன்லைனில் கேட்டால் எல்லோரும் ஹெல்ஃபயர்தான் ஒசத்தி என்கிறார்கள். யார் சொல்வது சரி? எம்ஐ-24, கசெல் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களும் சொல்லுங்கள்.

ஜூன் 6, இரவு 10.40

முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். வேகம், தூரம், எத்தனை மில்லிமீட்டர் துளைக்கும் என்று மூன்று எண்களை வைத்துக்கொண்டு நானும் ஒரு வருஷம் இதே கேள்வியில் கிடந்தேன். இப்போது ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறேன். மலை முகட்டுக்கு மேலே தலை தூக்கியதிலிருந்து மறுபடி மறைவுக்குள் இறங்குகிற வரைக்கும் எத்தனை வினாடி?

விக்ர் வினாடிக்கு 600 மீட்டர் வரை போகும். 8 கி.மீ. தூரத்தை இருபது சொச்சம் வினாடியில் முடித்துவிடும். ஹெல்ஃபயர் அதே தூரத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இதோடு நிறுத்தினால் விக்ர் ஜெயித்த மாதிரிதான். ஆனால் விக்ர் லேசர் கற்றைக்குள்ளேயே பறக்கிற ஏவுகணை. அதன் கண் வாலில் இருக்கிறது. முன்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறது. நாம் தலையைக் குனிந்தால் கற்றை அறுந்துவிடும், அது எங்கேயோ போய் விழும். ஆக ஏவியதிலிருந்து அடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாக வேண்டும்.

ஹெல்ஃபயர் கே வகைக்குக் கண் மூக்கில் இருக்கிறது. இலக்கின் மேல் பட்டுத் திரும்புகிற லேசர் ஒளியைத் தேடிக்கொண்டு போகும். அந்த ஒளியை அடிப்பது யார், எங்கிருந்து அடிக்கிறார் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை, லேசரின் நான்கு எண் குறியீடு பொருந்தினால் போதும். அதனால் முகட்டுக்குப் பின்னால் இருந்தே ஏவிவிட்டு, கடைசிப் பத்து வினாடிக்கு மட்டும் எழும்பி லேசர் அடித்தால் வேலை முடிந்தது.

விக்ருக்கு இருபது, ஹெல்ஃபயருக்குப் பத்து. என் பதில் இதுதான்.

ஜூன் 6, இரவு 11.25

எல் வகையை விட்டுவிட்டேன். அது ரேடார் ஹெல்ஃபயர். மூக்கிலேயே சின்ன மில்லிமீட்டர் அலை ரேடார் உண்டு. ஏவிவிட்டு உடனே இறங்கிவிடலாம். அதற்குப் பத்து வினாடியும் வேண்டாம்.

ஜூன் 7, காலை 7.15

"கடைசிப் பத்து வினாடி" என்பதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும், கையில் வராது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு. எனக்கு வந்து சேர எவ்வளவு நாள் ஆனது என்று சொல்கிறேன்.

நானும் தம்பியும் ஒரே அப்பாச்சியில் பறக்கிறோம். அவன் முன் சீட்டில் கன்னர், நான் பின்னால் பைலட். முதல் வாரம் முழுக்க நடந்தது இதுதான். மறைவிலிருந்து ஏவுவோம். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்து இருபத்தைந்தாவது வினாடியில் ஹெலிகாப்டரை மேலே தூக்குகிற கலெக்டிவ் நெம்புகோலை இழுத்து எழும்புவேன். தம்பி திரையில் டாங்கைத் தேடுவான். மரம் தெரியும், மரத்தின் நிழல் தெரியும், டாங்க் தெரியாது. "இருங்க அண்ணே, இருங்க, இதோ பிடிச்சிட்டேன்" என்று அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் ஏவுகணை வயலில் போய்க் குத்தியிருக்கும்.

பிறகுதான் முறை புரிந்தது. முதலில் ஒரு தடவை எழும்பி, லேசரால் தூரம் அளந்து, அந்த இடத்தைப் புள்ளியாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். இறங்கிவிட வேண்டும். ஏவ வேண்டும். இரண்டாவது தடவை எழும்பும்போது சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, அந்தப் புள்ளிக்கே திருப்பிவிட்டால் டாங்க் நடுத்திரைக்குப் பக்கத்திலேயே இருக்கும். இது தெரிந்த பிறகு பத்துக்கு ஏழு எட்டு அடிக்கிறோம்.

ஜூன் 7, காலை 7.50

எழுதி அனுப்பிவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. முதல் தடவை எழும்பினேனே, அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை! தேடிக் கண்டுபிடித்துப் புள்ளி வைக்க எட்டிலிருந்து பன்னிரண்டு வினாடி ஆகிறது. அதையும் கூட்டினால் ஹெல்ஃபயர் கே வகைக்கும் இருபது ஆகிவிடும். சரி, விக்ருக்கும் தேடுகிற நேரம் உண்டு, அதையும் கூட்டத்தான் வேண்டும். அப்படியும் என் "இருபதுக்குப் பத்து" தப்பு. கிட்டத்தட்ட முப்பதுக்கு இருபது என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜூன் 7, இரவு 9.30

இன்றைக்கு மிஷன் எடிட்டரில் ஒரு முகடு, அதற்கு எதிரே 6 கி.மீ. தள்ளி நான்கு டாங்க், பக்கத்தில் துங்குஸ்கா என்கிற விமான எதிர்ப்பு வண்டி ஒன்று என்று வைத்துச் சோதித்தேன். துங்குஸ்காவை வேண்டுமென்றேதான் வைத்தேன். அதன் பீரங்கி 4 கி.மீ. வரைக்கும்தான், ஆனால் ஏவுகணை 8 கி.மீ. வரும்.

ஒரே இடத்தில் முப்பது வினாடி நிற்பதும், பத்துப் பத்து வினாடியாக இரண்டு தடவை எழும்புவதும் ஒன்றல்ல. கம்ப்யூட்டர் ஓட்டுகிற துங்குஸ்கா நம்மைப் பார்த்து, திரும்பி, குறிவைத்துச் சுட நேரம் எடுக்கிறது. பத்து வினாடியில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் சுடுவதற்கு முன்பே மறைந்துவிடுகிறேன். சுட்டுவிட்டாலும், அந்த ஏவுகணையைத் துங்குஸ்கா கடைசி வரை வழிநடத்த வேண்டும். நான் முகட்டுக்குக் கீழே போனதும் அது வீண். கேஏ-50-இல் அதே இடத்தில் நின்றபோது விக்ர் டாங்கை அடித்த அடுத்த நொடி என் வாலும் போய்விட்டது.

ஆனால் எதிரில் மனிதர்கள் இருந்தால் கதை வேறு. ஒரு தடவை தலை காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். இறங்கியதும் இருநூறு முந்நூறு மீட்டராவது பக்கவாட்டில் நகர்ந்த பிறகுதான் மறுபடி எழும்ப வேண்டும். ஏவுகணை பறந்துகொண்டிருக்கிற அந்த அரை நிமிடம் இதற்குத்தான் உதவுகிறது. மெதுவான ஏவுகணையால் ஒரு லாபம் உண்டென்றால் இதுதான்.

ஜூன் 7, இரவு 10.05

இன்னொன்று. ஒரே முகட்டில் இரண்டையும் வைத்துப் பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது. அப்பாச்சியின் மூக்கில் இருக்கிற சைட் இடமும் வலமும் 120 டிகிரி வரை திரும்பும். கேஏ-50-இன் சைட்டான ஷ்க்வால் 35 டிகிரிதான். லேசர் அடித்துக்கொண்டே அப்பாச்சியைப் பக்கவாட்டில் திருப்பி மரத்தோப்பை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கலாம். வேலை முடிந்ததும் ஒரே எட்டில் மறைவு. கேஏ-50-இல் மூக்கு இலக்கைப் பார்த்தபடியேதான் இருக்க வேண்டும். முடிந்த பிறகு திரும்பி ஓடுகிற நேரத்தையும் சேர்த்தால் விக்ருக்கு இன்னும் ஐந்தாறு வினாடி ஏறுகிறது. இது ஏவுகணையின் குறை இல்லை, சைட்டின் குறை. ஆனால் பறக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்பாச்சியிலும் ஏவுகிற நொடியில் மட்டும் மூக்கு சரியாக இருக்க வேண்டும். திரையில் ஒரு பெட்டி வரும். அது விட்டுவிட்ட கோடாக இருந்தால் எல்லைக்கு வெளியே இருக்கிறோம் என்று பொருள், முழுக் கோடாக மாறினால் ஏவலாம். "அண்ணே, பெட்டி இன்னும் புள்ளிக்கோடாத்தான் இருக்கு, கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்க" என்று தம்பி ஒரு இரவுக்கு முப்பது தடவையாவது சொல்வான்.

ஜூன் 8, பகல் 1.20

முகட்டுக்கு எவ்வளவு பின்னால் நிற்க வேண்டும் என்று கேட்டவருக்கு: ஒட்டி நிற்காதீர்கள். ஹெல்ஃபயரை லோ, அதாவது தாழ்வாக எழும்பும் முறையில் ஏவினால் சுமார் 260 அடி உயரத் தடையைத் தாண்டும், அதற்கு 600 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஹை, அதாவது உயர எழும்பும் முறையில் 1000 அடி தாண்டும், 1500 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். நான் மலையடிவாரத்திலேயே நின்று ஏவி, எதிரே இருந்த பாறையில் இரண்டு ஹெல்ஃபயரை வீணாக்கியிருக்கிறேன்.

ஜூன் 8, இரவு 9.00

"எதிரியின் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றால் எத்தனை வினாடி தலை காட்டினால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதுவரைக்கும் வந்த பதில்களில் இதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஷில்கா என்கிற விமான எதிர்ப்பு வண்டியின் 23 மி.மீ. குழல்களுக்கு எட்டுவது 2.5 கி.மீ. ஸ்ட்ரெலா-10 ஏவுகணை வண்டிக்கு 5 கி.மீ. இவை மட்டும் எதிரில் இருந்தால் 7 கி.மீ. தள்ளி நின்று விக்ரை ஒவ்வொன்றாக, நிதானமாக ஏவலாம். அப்போது அதன் வேகம் முழு லாபம். ஒன்று அடித்து அடுத்ததற்குப் போவது ஹெல்ஃபயரை விடச் சீக்கிரம் நடக்கிறது. நான்கு டாங்க்கை விக்ரால் முடித்த நேரத்தில் ஹெல்ஃபயர் கே வகையால் மூன்றைக்கூட முடிக்கவில்லை.

ஆக நான் சொன்ன கணக்கு, நாம் எதிரியின் வீச்சுக்குள் இருக்கும்போது மட்டும்தான் செல்லும். முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 8, இரவு 9.10

ஓசா என்கிற விமான எதிர்ப்பு ஏவுகணை வண்டியும் துங்குஸ்காவும் இருக்கிற மிஷன்களைத்தான் நான் அதிகம் ஆடுகிறேன். அதனால்தான் இந்தப் பக்கமே சாய்ந்து பேசிவிட்டேன்.

ஜூன் 9, இரவு 10.15

எம்ஐ-24 பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானே எழுதுகிறேன்.

எம்ஐ-24பி-இல் வருவது ஷ்டூர்ம் ஏவுகணை. லேசரும் இல்லை, கம்பியும் இல்லை, ரேடியோவில் கட்டளை போகிறது. வீச்சு 5 கி.மீ., அந்தத் தூரத்துக்குச் சுமார் 15 வினாடி. எண்ணாகப் பார்த்தால் 15 நல்ல எண். ஆனால் அந்த ஹெலிகாப்டர் கனமாக இருக்கும்போது நின்று மிதக்க விரும்பாது. ஓடிக்கொண்டே ஏவுவதுதான் அதற்கு இயல்பு. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போனால் வினாடிக்கு 55 மீட்டர். 15 வினாடியில் 800 மீட்டருக்கு மேல் எதிரியை நோக்கிப் போய்விட்டிருப்போம். 5 கி.மீ.யில் ஏவினால் அடிக்கும்போது நாம் இருப்பது 4.2 கி.மீ.யில். ஷில்காவுக்கு எட்டாது, சரி. ஸ்ட்ரெலா-10 இருந்தால் அதன் மடியில் போய் உட்கார்ந்த மாதிரி. அதன் பிறகு திரும்புகிற வளைவு வேறு இருக்கிறது, அதில் நம் வயிறு முழுசாகத் தெரியும்.

இருந்தாலும் மனதுக்கு நெருக்கமான ஹெலிகாப்டர் எனக்கு அதுதான். தாழ்வாக ஓடி வந்து, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, ஏவிவிட்டு, குழாயிலிருந்து கிளம்பிய அந்தச் சிவப்புப் புள்ளி கொஞ்சம் அலைந்து பிறகு சைட்டுக்குள் வந்து நிலைப்பதைப் பார்க்க வேண்டும். எத்தனை தடவை பார்த்தாலும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஜூன் 9, இரவு 11.40

கம்பி என்றதும் கசெல் ஞாபகம் வந்தது. எஸ்ஏ342எம்-இல் வருகிற ஹாட் கம்பியால் வழிநடத்தப்படும் ஏவுகணை. வீச்சு 4 கி.மீ., சுமார் 17 வினாடி. அதன் சைட் கூரை மேலே இருக்கிறது. தேடும்போது கூரை மட்டும் முகட்டுக்கு மேலே தெரிந்தால் போதும், உடம்பு முழுக்கக் கீழே. நான் முன்னால் சொன்ன அந்த "முதல் தேடல்" வினாடிகள் கசெலில் ஏறக்குறைய இலவசம். ஏவும்போது மட்டும் ஏவுகணை மண்ணில் உரசாமல் போக இன்னும் கொஞ்சம் எழும்ப வேண்டும்.

இந்த வகைக்கெல்லாம் தாத்தா பிரெஞ்சு எஸ்எஸ்-11. அதில் கன்னர் சின்ன ஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஏவுகணையைக் கையாலேயே ஓட்ட வேண்டும். கண் இரண்டையும் பார்க்க வேண்டும், இலக்கையும் ஏவுகணையின் வாலில் எரியும் ஒளியையும். டோ என்கிற அமெரிக்க ஏவுகணையும் ஹாட்டும் வந்த பிறகு குறுக்குக்கோட்டை இலக்கின் மேல் வைத்திருந்தால் போதும் என்றானது, மிச்சத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். 1972 மே மாதம் வியட்நாமில் யுஎச்-1பி ஹெலிகாப்டர்களிலிருந்து டோ முதன்முதலாகச் சண்டையில் ஏவப்பட்டு டாங்குகளை அடித்தது. அன்றைக்கு அந்தக் கன்னர்களும் ஏவிய பிறகு அசையாமல் எண்ணிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்.

ஜூன் 10, காலை 8.00

வார் தண்டர் என்கிற இன்னொரு விளையாட்டை ஆடுகிறவர் துளைக்கும் அளவைப் பற்றிக் கேட்டிருந்தார். அங்கே அது முக்கியம்தான். வண்டிக்குள் எந்தப் பாகத்தில் பட்டது, யார் மேல் பட்டது என்று அங்கே நுணுக்கமாகக் கணக்கு நடக்கிறது, டாங்கை ஓட்டுவதும் மனிதர். டிசிஎஸ்ஸில் தரை வண்டிகளுக்கு அந்த அளவு உள்ளறைக் கணக்கு கிடையாது. அதனால் அங்கே கற்ற பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம். ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது. ஹெல்ஃபயர் மேலிருந்து கீழாக வந்து விழும், விக்ர் நேராக வந்து மோதும். முகட்டுக்குக் கீழே பாதி மறைந்து நிற்கிற டாங்க்கை ஹெல்ஃபயர் எடுத்துவிடும், விக்ர் முகட்டின் மண்ணில் போய் அடிக்கும்.

ஜூன் 11, இரவு 10.50

எல் வகைக்கு "பத்து வினாடியும் வேண்டாம்" என்று முதல் நாள் எழுதியிருந்தேனே, அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

இலக்கைத் தேடுகிற அப்பாச்சியின் ரேடார் இருப்பது சுழலிக்கு மேலே, ஒரு உருண்டைக்குள். அது மட்டும் முகட்டுக்கு மேலே தெரிந்தால் போதும். 8 கி.மீ. வரை வண்டிகளைக் கண்டுபிடித்து, முக்கியமான 16-ஐ வரிசைப்படுத்தித் திரையில் போட்டுவிடும். இலக்கு ஓடிக்கொண்டிருந்தால் ஏவுகிறதற்கு முன்பே ஏவுகணையின் ரேடார் அதைப் பிடிக்க வேண்டும், அதற்கு நாம் முழுசாக எழும்பியாக வேண்டும். தூரத்தில் நிற்கிற இலக்கானால் ஏவிய பிறகு அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். எப்படியும் நான்கைந்து வினாடிதான். அந்த அளவில் நான் சொன்னது நிற்கிறது.

ஆனால் ரேடார் சொல்வது "சங்கிலிச் சக்கர வண்டி", "டயர் வண்டி", "விமான எதிர்ப்பு" என்கிற அளவுக்குத்தான். யாருடைய வண்டி என்று சொல்லாது. சனிக்கிழமை நாங்கள் ஆறு இலக்கை வரிசையாக ஏவிவிட்டு இறங்கினோம். கணக்குப் பார்த்தால் இரண்டு ஏற்கெனவே எரிந்து கிடந்த வண்டிகள், ஒன்று எங்கள் பக்கத்து லாரி. அந்த லாரியைப் பார்த்ததும் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நானும்தான்.

விளையாட்டுதானே என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1991 பிப்ரவரி 17 இரவில், வளைகுடாப் போரில், ஒரு அப்பாச்சி ஏவிய ஹெல்ஃபயர்கள் அமெரிக்கர்களின் சொந்த வண்டிகள் இரண்டையே அடித்து, இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அது ரேடார் வகைகூட இல்லை, லேசர் வகை. மனிதர் கண்ணால் பார்த்து ஏவியதுதான். அதைப் படித்த பிறகு எங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். ரேடார் எதைக் காட்டினாலும் சைட்டில் ஒரு முறை பார்க்காமல் ஏவுவதில்லை. அதற்கு ஆறேழு வினாடி ஆகும். ஆகட்டும்.

ஜூன் 12, காலை 6.45

அப்படியானால் எல் வகைக்கும் பன்னிரண்டு வினாடி ஆகிறதே என்று தம்பி கேட்கிறான். ஆமாம், நாங்கள் ஆடுகிற முறையில் ஆகிறது.

ஜூன் 13, இரவு 9.20

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "கடைசியில் நான் எதை எடுப்பது?" என்கிறார். நேராகவே சொல்கிறேன். தனியாக, பகலில், ஷில்கா அளவுக்கு மேல் எதிர்ப்பு இல்லாத மிஷனா? கேஏ-50-உம் விக்ரும். ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்படி அமைந்தது அது, வேகமும் கைகொடுக்கும். எதிரி ஹெலிகாப்டர் வந்தாலும் விக்ரால் அடிக்கலாம், வான் இலக்குக்குப் பக்கத்தில் போனாலே வெடிக்கிற ஃபியூஸ் அதற்கு உண்டு. இரவு என்றால் வேண்டாம், ஷ்க்வால் டிவி கேமராதான், வெப்பத்தைப் பார்க்காது. துங்குஸ்கா, ஓசா இருந்தால், அல்லது கூட ஒருவர் பறந்தால், அப்பாச்சி.

அந்தக் "கூட ஒருவர்" விஷயத்தைத்தான் இவ்வளவு நாளும் சரியாகச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். ஏவுகிறவரே லேசர் அடிக்க வேண்டியதில்லை என்று முதல் நாளே எழுதினேன், அதை முழுசாகப் பிடித்துப் பார்க்கவில்லை. டிசிஎஸ்ஸுக்கு 2024-இல் வந்த ஓஎச்-58டி கயோவா ஹெலிகாப்டருக்குச் சைட் சுழலிக்கு மேலே கம்பத்தில் இருக்கிறது, லேசரோடு சேர்த்து. அந்த உருண்டையை மட்டும் முகட்டுக்கு மேலே வைத்துக்கொண்டு ஒருவர் இலக்கைக் காட்டிக்கொண்டே இருக்கலாம். அப்பாச்சி பின்னால் பள்ளத்தில் நின்று ஏவிக்கொண்டே இருக்கும். அப்பாச்சி தலை காட்டுகிற நேரம் பூஜ்யம். கயோவா காட்டுவது ஒரு பந்து அளவு. நிஜத்திலும் இந்த இரண்டு ஹெலிகாப்டர்களும் இப்படிச் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன.

நேற்று இதை முதல் தடவை செய்து பார்த்தோம். தம்பி கயோவாவில் முகட்டில், நான் 2 கி.மீ. பின்னால் அப்பாச்சியில். முதல் ஹெல்ஃபயர் அழகாக எழும்பி முகட்டைத் தாண்டிப் போனது. "வருதா?" என்றேன். "வருது, வருது" என்றான். பிறகு சத்தமே இல்லை. ஏவுகணை டாங்குக்கு மேலே நேராகப் பறந்து அந்தப் பக்கம் போய்விட்டிருக்கிறது. என் ஏவுகணை 1688-ஐத் தேடிக்கொண்டு போனது, அவன் வேறு குறியீட்டில் லேசர் அடித்துக்கொண்டிருந்தான். சரிசெய்து அடுத்ததை அனுப்பினேன். முகட்டுக்கு அந்தப் பக்கம் புகை எழும்பியதை மட்டும்தான் நான் பார்த்தேன், டாங்க்கை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இன்றைக்கு இரவு துங்குஸ்காவை எதிரில் வைத்து மறுபடி ஆடப்போகிறோம். ஒவ்வொரு ஏவுகணைக்கும் முன்னால் குறியீட்டின் நான்கு எண்களையும் அவன் சத்தமாகச் சொல்ல வேண்டும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் ஏவுவது.